மோட்டாரும் வால்வும் காத்து நின்றால்

என் முனைவர் பட்ட ஆராய்ச்சியை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. பல பாகங்களைச் சேர்த்து ஓர் இயந்திரம் கட்டுகிறோம். ஒவ்வொரு பாகமும் தனியாக ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. சேர்த்த பிறகு ஒன்றுக்கொன்று காத்து நின்று எல்லாமே முடங்கிப் போகுமா? இதுதான் கேள்வி. பாகங்கள் கூடக்கூட, பார்க்க வேண்டிய நிலைகள் தாறுமாறாகப் பெருகும். முடங்குமா என்று முன்கூட்டியே கண்டறிய எல்லாவற்றுக்கும் பொருந்தும் சுலப வழி அநேகமாகக் கிடைக்காது என்று காட்டினேன். முடியாது என்று சொல்லவா இத்தனை வருஷம் படித்தாய் என்று அண்ணன் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அண்ணன் தொப்பம்பட்டிப் பக்கம் தக்காளி போடுகிறவர். மோட்டார் ஸ்டார்ட்டரை ஒரு கடையிலும், வயலுக்குத் தண்ணீர் மாற்றிவிடும் தானியங்கி வால்வுகளை இன்னொரு கடையிலும் வாங்கி மாட்டியிருந்தார். நாற்று நட்ட வாரமே அண்ணிக்குத் திண்டுக்கல்லில் ஆபரேஷன். முதல் பிரசவத்தின்போது அண்ணன் மோட்டாருக்குக் காவல் இருந்தவர். அண்ணி அதை மறக்கவில்லை. இந்தத் தடவையாவது பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

“ஏங்கண்ணு, இது நின்னு போகுமா போகாதா? அத மட்டும் சொல்லு” என்று அண்ணன் கேட்டார்.

சொல்ல முடிந்தது. பொதுவாகக் கேட்டால்தான் கடினம். அவருடையது கைக்கு அடங்கும் கணக்கு. ஒவ்வொரு நிலையாக எழுதிப் பார்த்தேன். ஒரு வால்வு மூடி அடுத்தது திறக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் தீர்ந்தது கதை. கரண்ட் திரும்பியதும், வால்வு திறந்தால்தான் ஓடுவேன் என்று மோட்டார் நிற்கும். தண்ணீர் அழுத்தம் வந்தால்தான் திறப்பேன் என்று வால்வு நிற்கும். யாராவது போய்க் கையால் திறந்துவிட வேண்டும்.

“அப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. நாத்து காஞ்சிரும்” என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க போங்கண்ணா. நான் இருக்கேன்.”

ஆக, வாங்கிய பட்டத்தோடு மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போகவே இல்லை. முடங்கக்கூடும் என்றுதான் கணக்கு சொன்னது, முடங்கியே தீரும் என்று சொல்லவில்லை. வெயில் மட்டும் குறைவில்லாமல் அடித்தது.

சாயங்காலம் போன் வந்தது. பேசியது அண்ணி, மயக்கம் முழுதாகத் தெளியாத குரல்.

“கண்ணத் தொறந்தா உங்கண்ணன் எதுத்தாப்புல உக்காந்திருக்காரு அம்மிணி. மோட்டாரு ஓடுதான்னு நாந்தான் மொதல்ல கேட்டேன்.”