துண்டுக்குள் இருந்த விலை

அன்று எங்கள் மிளகாய்க் கமிஷன் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி மரைக்காயர், முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து பத்து மூட்டையோடு வந்த முத்திருளாண்டி அண்ணன், அவருடைய கூட்டாளிகள் இருவர், கணக்கு எழுதும் நான்.

கடைக்கு டெலிபோன் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எப்போது அடிக்குமோ என்று எனக்குச் சோறுகூட இறங்கவில்லை. அதுவரை மதுரை விலை தபாலில் வரும். முதலாளி மட்டும் படிப்பார். சரக்கு வாங்கும்போது கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசுவார்.

அன்று முத்திருளாண்டி அண்ணனோடு அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. முதலாளி என்னை எடுக்கச் சொன்னார். மதுரை வியாபாரிதான். ஒரே இரைச்சல். தப்பாகக் கேட்டுவிட்டால் வேலை போய்விடுமே என்ற பயத்தில், "மூட்டை நாப்பதா? நாப்பது ரூவாயா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

முத்திருளாண்டி அண்ணன் கையை உருவிக்கொண்டார். "என்ன மரைக்காரே, முப்பதுக்குல்ல விரலைப் புடிச்சீக? இனி துண்டு எதுக்கு? அதான் ஒங்க கணக்கப்பிள்ளை ஊருக்கே சொல்லிட்டாரே!"

"ஏலே, ஒன்னையக் கேக்கத்தானே சொன்னேன், கூவவா சொன்னேன்?" என்றார் முதலாளி.

முப்பத்தாறுக்குத்தான் சரக்கு படிந்தது. கூடக் கொடுத்த அறுபது ரூபாயை என் பேரில் எழுதிவிட்டார்.

இப்போது மணி அடித்தால் முதலில் கதவைச் சாத்துகிறேன். விலையை வாயால் சொல்லாமல், தாளில் எழுதி முதலாளியிடம் நீட்டுகிறேன். சரியாகத்தான் கேட்டேனா என்ற சந்தேகம் அப்போதும் போவதில்லை. சம்பளத்தில் மாதம் ஐந்தாகப் பிடித்தது போக, இன்னும் முப்பத்தைந்து ரூபாய் பாக்கி.