வாங்கிய பொருள் மாற்றித் தரப்படாது

பொருள் என்றால் என்னவென்று எனக்குப் பிடிபட்டது பத்து வயதில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பினாங்கு லிட்டில் இந்தியாவில் அம்மா வேலை பார்த்த துணிக்கடையில். காதில் இயர்போன். எதிரே மேசைமேல் ஒரு சேலை. அதற்கும் மேலே, கல்லாப்பெட்டிக்குப் பின்னால், ‘வாங்கிய பொருள் மாற்றித் தரப்படாது’ என்ற பலகை. மூன்றும் ஒரே நொடியில் என் மண்டைக்குள் மோதிக்கொண்டன. நான் கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

அந்தக் கத்தலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் எனக்குப் புதுநன்மை. எங்கள் கோயிலில் பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளுக்கு அப்படித்தான் பெயர். வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது, மெழுகுத்திரிக்கு ரிப்பன் கட்டியாகிவிட்டது. நடுவில் எனக்கு அம்மை போட்டது. அது இறங்கி நான் எழுந்து உட்கார்வதற்குள் எட்டு மறைக்கல்வி வகுப்புகள் போய்விட்டன. டீச்சர் மிக அன்பாகத்தான் சொன்னார்: “பரவால்லம்மா, அடுத்த வருஷம் தம்பியோட சேர்ந்து வாங்கிக்கலாம்.”

தம்பிக்கு என்னைவிட ஒரு வயது குறைவு, உயரம் ஓர் அங்குலம் அதிகம். புதுநன்மை வரிசையோ உயரப்படி.

“குள்ளமா இருக்கறவங்கதான் முன்னுக்கு நிக்கணும்,” என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். “எல்லாரும் உன்னை என் தங்கச்சின்னு நெனைச்சுக்குவாங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே ஃபாதரின் அலுவலறைக்குப் போய் நின்றேன். ஒரு வருடம் தள்ளிப்போவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை அழாமல் விளக்க முயன்று பாதியில் அழுதேன். ஃபாதர் ஒரு டிஷ்யூவை நீட்டினார். “மூனு வாரம் கழிச்சு வா. நற்கருணைன்னா என்னன்னு கேப்பேன். புரிஞ்சு சொல்லணும், ஒப்பிக்கக் கூடாது. சொன்னா இந்த வருஷமே.”

மூன்று வாரம். வகுப்பு நோட்டில் எட்டு வாரத்துக்கு வெற்றுப் பக்கங்கள். இந்த இடத்தில் கைகொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட்டிலேயே இருந்தார். ஜுருவில் கார் உதிரிபாகம் விற்கும் கடையில் வேலை. தினமும் தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும், பாலத்தில் தினமும் நெரிசல். ரேடியோ விளம்பரங்கள் வெறுத்துப்போய், கோயில் நண்பர் ஒருவர் கொடுத்த நாற்பது ஒலிப்பதிவுகளைப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் எங்கோ ஒரு வயதான சாமியார், குருவாகப் படிக்கும் மாணவர்களுக்கு இறையியலும் தத்துவமும் நடத்திய வகுப்புகள். யாரோ ஒரு மாணவர் கடைசி பெஞ்சிலிருந்து பதிவு செய்தது. மாமா அப்படியொன்றும் பக்திமான் இல்லை. ஞாயிறு பிரசங்கத்தில் அவர் தலை அம்மாவின் தோளில்தான் இருக்கும். ஆனால் நெரிசலில் மட்டும் கடவுளைப்பற்றிக் கேட்கப் பிடிக்கும் என்பார்.

அதிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தார். பேச்சில்லாத இடங்களைத் தானாகவே வெட்டித் தாண்டிப் போகும் ஒரு செட்டிங் அந்தப் போனில் இருந்தது. “சாமியார் மூச்சு வாங்கறதுக்கு நான் ஏன் காருக்கு எண்ணெய் ஊத்தணும்? சும்மா இருக்கற எடத்தையெல்லாம் போன் வெட்டிரும் லா. பாலம் ஒன்னு, பாடம் ஒன்னு. கணக்குச் சரி.”

புதுப் போன் வாங்கியிருந்ததால் பழையதை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். பாடங்களோடு, செட்டிங்கோடு.

நான் நாற்பதையும் விழுங்கினேன். பள்ளிப் பேருந்தில், குளியலறையில், சனிக்கிழமைகளில் கடை மேசைக்கடியில் துணிமூட்டைமேல் சாய்ந்துகொண்டு. கால்வாசிதான் புரிந்தது. ஆனால் அந்தக் கால்வாசி என்னைத் தூங்கவிடவில்லை! அசைகிற எதையும் இன்னொன்று அசைக்கிறது, அதை வேறொன்று அசைக்கிறது, இப்படியே பின்னால் போனால் தான் அசையாமல் எல்லாவற்றையும் அசைக்கும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்றார் சாமியார். இதை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. மாமாவோடு ஜுருவுக்குப் போன ஒருநாள் பாலத்தின் நடுவில் வைத்துச் சொன்னேன்.

மாமா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். “அசையாம நிக்கிறது அந்த லோரிதான். அதனால இங்க ஒன்னும் அசையலையே?”

எனக்கு அந்தக் குரலில் ரொம்பப் பிடித்தது அதன் வேகம். சாமியார் கேள்வி கேட்பார். கேட்ட வாயாலேயே பதில் வந்துவிடும். யோசிப்பதே கிடையாது. கடவுள் உண்டா? உண்டு. ஆன்மா அழியுமா? அழியாது. நல்லவரான கடவுள் இருக்கும்போது ஒரு தாயின் பிள்ளை ஏன் சாகிறது? சரி, எழுதிக்கொள்ளுங்கள்: தீமை என்பது தனியொரு பொருளல்ல, இருக்க வேண்டிய நன்மை இல்லாமல் போவது. அடுத்தது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கிறது, பெரியவர்கள் அதை ஏனோ நம்மிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியானது. நானும் அதே வேகத்தில் பேசப் பழகினேன். தம்பி ‘உப்பு எடு’ என்று முடிப்பதற்குள் உப்பு ஏன் உப்பாக இருக்கிறது என்று சொல்லிமுடித்திருப்பேன்.

ஒன்றே ஒன்றுதான் சிக்கியது, அதுவும் எனக்குத் தேவையான அந்த ஒன்று. நற்கருணைப் பாடத்தில் சாமியார் சொன்னார்: அப்பத்தின் தோற்றம் அப்படியே இருக்கிறது, உட்பொருள் இயேசுவின் உடலாக மாறிவிடுகிறது. எனக்குத் தெரிந்த பொருள் மளிகைப்பொருள். இல்லையென்றால் தமிழ்ப் பாடத்தில் ‘கீழ்க்காணும் சொல்லுக்குப் பொருள் எழுதுக’. நிறம் அதே, சுவை அதே, எடையும் அதே என்றால் மாறியது எது? பத்துமுறை கேட்டேன். பத்துமுறையும் சாமியார் அதே வேகத்தில் என்னைத் தாண்டிப் போனார்.

பதினோராவது முறை கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆன்ட்டி கடைக்குள் வந்தார்.

பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து மேசைமேல் வைத்தார். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை, விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை. அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. மகள் நிச்சயத்துக்கென்று வந்து மேசை நிறையச் சேலையைப் பிரித்துப் போட்டுத் தேடி எடுத்தது.

“பிடிக்கலையாக்கா?”

“பிடிச்சுதும்மா. நிச்சயம் நின்னு போச்சு. வேற ஏதாச்சும் மாத்திக் குடுங்க.”

முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமலேயே பேனாவால் பலகையைக் காட்டினார். பிறகு, கொஞ்சம் இரக்கத்தோடுதான், “சாயம் போகலை, கிழியலை. அதே சேலைதானே. நீங்க கட்டிக்குங்களேன்,” என்றார்.

“அதே சேலை இல்லைங்க இது,” என்றார் ஆன்ட்டி.

அப்போதுதான் மோதியது. மஞ்சள் அதே மஞ்சள். கரை அதே கரை. மேசைக்கடியிலிருந்து துள்ளி எழுந்து, தலை இடித்துக்கொண்டதைக்கூடப் பொருட்படுத்தாமல் கத்தினேன்: “தோற்றம் மாறலை முதலாளி! உட்பொருள் மாறிடுச்சு!”

முதலாளியின் பேனா நின்றது. அம்மா என் தொடையைக் கிள்ளினார். ஆன்ட்டி என்னையே பார்த்தார். என் வாதத்தின் பலத்தில் எல்லோரும் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று முடிவுகட்டி, வெற்றியோடு மேசைக்கடியில் போய் அடுத்த பாடத்தைப் போட்டேன்.

மூன்று வாரம் முடிந்த ஞாயிறு. ஃபாதர் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அம்மா வெளியே ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் தம்பியின் ஒரு கண்.

“கடையில வாங்கற ரொட்டிக்கும் நற்கருணைக்கும் என்ன வித்தியாசம்?”

சேலையைச் சொன்னேன். பலகை, விலைச்சீட்டு, நின்றுபோன நிச்சயம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ஃபாதர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

“சரி. சேலை மாறுச்சா? இல்ல, அந்த ஆன்ட்டி மாறினாங்களா?”

இது நாற்பது பாடத்தில் எதிலும் இல்லை. கதவிடுக்கில் கண் பெரிதானது. அடுத்த வருடம், உயரப்படி வரிசை, தங்கச்சி! ஆனால் வாய் பழகிய வேகத்திலேயே திறந்துகொண்டது.

“ஆன்ட்டிதான் மாறினாங்க ஃபாதர். சேலை சும்மாதான் கெடந்துச்சு. அதான் முதலாளிக்குத் தெரியலை. ஆனா அப்பம் அப்படியில்ல. நாம நெனைச்சாலும் நெனைக்காட்டியும் அது மாறிடும். ஏன்னா ‘இது என் உடல்’னு சொன்னது நாம இல்ல, இயேசு.”

ஃபாதர் நாற்காலியில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார். “இதை எந்த வகுப்புல படிச்சே?”

“பாலத்துல, ஃபாதர்.”

நோட்டில் என் பெயருக்கு நேராக ஏதோ எழுதினார். தலைகீழாகவே படித்துவிட்டேன்: இந்த வருடம். எழுந்து ஓடத் தயாரானபோது மறுபடி கேட்டார்.

“அப்புறம் அந்த ஆன்ட்டி என்ன செஞ்சாங்க?”

“பாக்கலை ஃபாதர். அடுத்த பாடம் ஓடிக்கிட்டிருந்துச்சு.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்பதுபோல. கேள்வி தீர்ந்துவிட்டது என்று நினைத்து ‘தேங்க்யூ ஃபாதர்’ சொல்லிவிட்டு வெளியே பாய்ந்தேன். தம்பி கதவுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தான்.

புதுநன்மையன்று வரிசையில் நான் மூன்றாவது. எனக்கு முன்னால் இரண்டு பேர் என்னைவிடக் குள்ளம்! கவுன் சரசரக்க நடந்தபோது இரண்டாவது பெஞ்சில் தம்பி, பக்கத்தில் மாமா. அன்றைக்கு மட்டும் மாமா தூங்கவில்லை. அப்பம் நாக்கில் பட்டதும் சுவைத்துப் பார்த்தேன். தோற்றம் துளியும் மாறவில்லை. எல்லாமே சாமியார் சொன்னபடி. அவ்வளவு பெருமிதத்தோடு யாரும் அந்தக் கோயிலில் முழங்காலிட்டிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் நடந்து பத்து வருடமாகிறது. போன மாதம் அந்த நாற்பது பாடங்களையும் என் புதுப் போனுக்கு மாற்றி, ஆசைக்கு ஒன்றைத் தட்டினேன். நல்லவரான கடவுள் இருக்கும்போது ஒரு தாயின் பிள்ளை ஏன் சாகிறது என்று சாமியார் கேட்டார். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. போன் தொங்கிவிட்டது என்று திரையைப் பார்த்தால் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. உற்றுக் கேட்டேன். மின்விசிறியின் கிறீச். வெளியே ஒரு காகம். யாரோ பெஞ்சில் நெளிந்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேலே அப்படியே போனது. பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் கேட்டேயிராத ஒரு மெல்லிய குரலில்: “சரி… எழுதிக்கொள்ளுங்கள்.”

என் புதுப் போனில் மாமாவின் செட்டிங் இல்லை.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் அந்த ஆன்ட்டியைப்பற்றிக் கேட்டேன். அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“நீ கத்தினதும் முதலாளி, சரி, வேற எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டாரு. அவங்க ஒன்னும் எடுக்கலை. சேலைய அங்கேயே வெச்சிட்டுப் போயிட்டாங்க. முதலாளி அதைத் திரும்ப விக்கவேயில்ல. இன்னும் மாடி ஸ்டோர்லதான் கெடக்குது.”

ஆக, அது அதே சேலை இல்லையென்று முதலாளிக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் கடையில் அன்று எதுவும் தெரியாமல் இருந்தது மேசைக்கடியில் இருந்த இறையியலாளர் மட்டும்தான்.

வெட்கம் வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு குதூகலம் வந்தது. நாற்பது பாடத்திலும் நான் பேச்சை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் சும்மா இருந்த இடமெல்லாம் புத்தம்புதிதாக, தொடப்படாமல், எனக்காகவே காத்திருக்கிறது! ஒவ்வொன்றாகக் கேட்டுவருகிறேன். இப்போது நானும் தினமும் பாலம் தாண்டுகிறேன்; பாலம் ஒன்றுக்குப் பாடம் ஒன்று இனி முடியாது. போகப் பாதி, வரப் பாதி.

இந்த வருடம் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்காக நானே பினாங்குத் தமிழில் பாடங்கள் பதிவுசெய்யப் போகிறேன். முதல் பாடம் ‘பொருள்’. வருகிற சனிக்கிழமை, கடை மாடி ஸ்டோரில். சுற்றிலும் துணி இருப்பதால் எதிரொலி இருக்காது. முதலாளியிடம் கேட்டாகிவிட்டது. அந்த மஞ்சள் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஆன்ட்டியின் கதையைச் சொல்வேன். ‘அதே சேலை இல்லைங்க இது’ என்ற இடம் வந்ததும் பேசாமல் இருப்பேன்.

“லைன் கட்டாயிருச்சுன்னு நெனைச்சு எல்லாப் பிள்ளையும் தட்டிவிட்டுப் போயிரும் லா,” என்கிறார் மாமா. போகட்டும். பத்து வருடம் கழித்து வந்து கேட்கட்டும்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். ஒன்பது நொடிக்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சனிக்கிழமைக்குள் இருபதையாவது எட்டிவிடுவேன்.