தொங்கிக்கொண்டே இருந்த கிளி

முதுகை வளைத்து, தலையைச் சாய்த்து, மோவாயை மேலே திருப்பிக்கொண்டுதான் கூண்டு அண்ணன் கிளியின் முகத்தைப் பார்ப்பார். "அது எப்படித் தொங்குதோ அப்படியே நாமளும் பாக்கணும் தங்கச்சி" என்பார்.

கடத்தலில் பிடிபட்ட பறவைகளைக் காப்பாற்றும் இடம் எங்களுடையது. நான் பழம் நறுக்குகிறேன். அவர் கூண்டுகளைக் கவனிக்கிறார். இந்தக் காட்டுக் கிளிகள் சிட்டுக்குருவி அளவுதான். பொழுது சாய்ந்ததும் கூரைக் கம்பியைப் பற்றி, வௌவால் மாதிரி தலைகீழாகத் தூங்கிவிடும். பார்த்தால் பச்சை இலை என்றே தோன்றும்.

அண்ணன் சட்டையில் பொத்தானே கிடையாது, எல்லாம் ஊக்குதான். "பொத்தான் தைச்சா கிளிங்க கடிச்சுத் தின்னுடும், அதுங்களுக்குப் பலகாரம்" என்று சிரிப்பார். தூங்கும் கிளியை மட்டும் எழுப்பவே மாட்டார். "அசதியா இருக்கும், விடுங்க."

அதுதான் தப்பாகப் போயிற்று. ஒரு ஜோடியில் ஆண் கிளி இரண்டு நாளாக இறங்கவில்லை. அண்ணன் பழத்துண்டைக் கம்பியிலேயே செருகி வைத்தார். பெண் கிளி அதைக் கவ்விக் கவ்வி ஆணின் அலகுக்கே கொண்டுபோயிற்று. வழக்கமாக ஆண்தான் ஊட்டும்.

மூன்றாம் நாள், எங்கள் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஏணியில் ஏறித் தொட்டுப் பார்த்தார். மூடிய அலகின்மேல் பழச்சாறு மொத்தையாகக் காய்ந்திருந்தது.

"அண்ணே, இது செத்து ரெண்டு நாளாச்சு. கால் பிடி விடல, அவ்வளவுதான்."

"காலையிலகூடப் பேசினேனேம்மா!"

"நீங்க பேசினீங்க. அது பேசிச்சா?"

கடவுளே என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எல்லாத்தையும் அதுக்கே குடுத்துட்டு இந்தப் பொண்ணு பட்டினி கிடந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஏதாவது திங்கலன்னா இதுவும் போயிடும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா இறங்கினார்.

அண்ணன் ஏறினார். இறந்த கிளியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, துணியில் வைத்து என்னிடம் நீட்டினார். கையில் எடையே தெரியவில்லை. பெண் கிளி காலியான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்த இடத்தில் தம் சுட்டுவிரலைக் கம்பியோடு ஒட்டிவைத்தார். அது மெல்ல நகர்ந்து வந்து விரலைப் பற்றித் தொங்கியது. வெறும் அலகால் அவர் நகத்துக்கு ஊட்ட ஆரம்பித்தது.

"பழம்... பழம்..." என்று கிசுகிசுத்தார்.

நான் இன்னொரு ஏணியில் ஏறி, கூழாகப் பிசைந்த பழத்தை அவர் நகத்தில் தடவினேன். அது ஒருமுறை நக்கியது. நின்றது. மறுபடியும் நக்கியது.

"அண்ணே, தின்னுது! ஆனா கை மரத்துப் போயிடுமே, எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

அண்ணன் விரலை அசைக்கவில்லை. மூச்சையும் அடக்கிக்கொண்டு, அந்த ஆண் கிளியைப் போலவே கண்களை மூடினார்.