இலையைப் புரட்டுகிறவள்

சின்னத்தாய்க்குப் புழுவைக் கண்டால் ஆகாது. குமட்டிக்கொண்டு வரும். ஆனாலும் எங்கள் மலையூர் கிளாவரையில் பன்னிரண்டு வீட்டுத் தோட்டங்களில் இலையைப் புரட்டிப் புழு பார்ப்பதுதான் அவள் வேலை. மகளிர் குழு ஒப்படைத்தது. நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். அந்தக் கர்மம் எனக்கு வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

காலையிலேயே கிளம்பிவிடுவாள். கோஸ் இலைக்கு அடியில் பச்சைப் புழுவும் அதன் ஈரக் கழிவும். பீன்ஸ் கொழுந்தில் அசுவினிப் பூச்சி, தொட்டால் விரலெல்லாம் பிசுபிசுக்கும். கல்லைப் புரட்டினால் ஓடில்லாத நத்தை, மூக்குச்சளி மாதிரி. "த்தூ" என்று துப்பிவிட்டு அடுத்த செடிக்குக் குனிவாள். மத்தியானம் சோறு இறங்காது.

இத்தனை அருவருப்போடு ஏன் செய்கிறாள் என்றால், மகள் ரம்யாவுக்காக. ரம்யாவை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இப்போது ஏழு மாசம். முன்னே ஒன்று கலைந்துபோனது. எங்கள் மலைக் காய்தான் ஜீப்பில் இறங்கி அந்த ஊர்க் கடைக்குப் போகிறது. ரம்யா வாங்குவதும் அங்கேதான். அதனால் எந்த வீட்டிலும் பூச்சிமருந்துப் பாட்டிலைத் திறக்க விடக்கூடாது என்று சின்னத்தாய்க்கு ஒரே பிடிவாதம்.

சத்தியபிரியா வீட்டில் எட்டுப் பாத்தி கோஸ். இலையெல்லாம் சல்லடை. ஒரு புழுவை நசுக்கக் கல்லை எடுத்தாள் சத்தியபிரியா. புழுவின் மேல் மஞ்சள் கூடுகள் கொத்தாக ஒட்டியிருந்தன. சின்னத்தாய் அவள் கையைப் பிடித்தாள்.

"நசுக்காத தாயி! இது குளவிப் பிள்ளைக. புழுவ உள்ளுக்குள்ள தின்னுட்டு வெளிய வந்து கூடு கட்டிருக்கு. பறந்துச்சுன்னா மிச்சப் புழுவ அதுகளே பாத்துக்கிரும்."

"அய்ய, சொல்லாதீங்கக்கா, வயித்தப் பெரட்டுது."

"எனக்கு மட்டும் பெரட்டலையா? பத்து நாள் பொறுத்துக்க. அதுவரைக்கும் மருந்தத் தொடாத."

சத்தியபிரியா தலையாட்டினாள். சின்னத்தாய் தினமும் போய்ப் பார்த்தாள். ஏழாம் நாள் கூடுகளில் ஓட்டை விழுந்து, கொசு அளவுக் குளவிகள் வெளியே வந்திருந்தன. அதைச் சொல்ல என் வீடு தேடி வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வம்.

ஒன்பதாம் நாள் நானும் கூடப் போனேன். வேலிக்கு வெளியிலேயே நெடி மூக்கில் அடித்தது. எட்டில் ஆறு பாத்தியில் மருந்து வழிந்து காய்ந்திருந்தது. புழுவும் செத்து, குளவியும் செத்து, ஒரு சிலந்திகூட மிச்சமில்லை. ஓரத்தில் இரண்டு பாத்தி மட்டும் பிளாஸ்டிக் தாள் போர்த்திப் பத்திரமாக இருந்தது.

"என்ன தாயி இது?" என்றாள் சின்னத்தாய்.

"ஓட்ட விழுந்த கோஸ எவன் வாங்குறான்? நாளைக்கு வெள்ளனே வெட்டி வத்தலக்குண்டுக்கு அனுப்பணும். நீங்க கவலப்படாதீங்கக்கா. நாங்க திங்கிற ரெண்டு பாத்தில ஒரு சொட்டு படல."

எவ்வளவு நிம்மதியாகச் சொன்னாள்! சீ, என்ன பிறவிகள் நாமெல்லாம் என்று இருந்தது எனக்கு.

"அந்த ஊர்க் கடையிலதான் என் மக வாங்குறா," என்றாள் சின்னத்தாய்.

சத்தியபிரியாவுக்கு முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்த் தாளை விலக்கி, நல்ல கோஸாக ஒன்றை வெட்டி நீட்டினாள். "இத ரம்யாவுக்குக் குடுத்து விடுங்கக்கா."

மூஞ்சியில் விட்டெறிவாள் என்றுதான் நினைத்தேன். சின்னத்தாய் அதை வாங்கி, மேல் இலைகளைப் புரட்டிப் பார்த்து, முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் வெட்டு தாயி. பிள்ள பொறக்குற வரைக்கும் அவளுக்கு இதுலருந்தே குடுத்துரு."

மற்ற ஆறு பாத்தியைப் பற்றி அவள் அப்புறம் வாயே திறக்கவில்லை. சத்தியபிரியா எனக்கும் ஒன்று வெட்டித் தந்தாள். வாங்கிக்கொண்டேன்.