உச்சியில் ஆபிரகாம்

செத்தவர்களைத் தேடிக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு, தேடப்படுகிறவர் இடம் மாறுவதில்லை. ஒரு தொல்லையும் உண்டு, தேடச் சொன்னவர் உயிரோடு இருக்கிறார்.

யாங்கோனில் ஒரு பர்மிய நாளிதழில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் மரண அறிவிப்புப் பக்கம். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாருக்கு மாமனார் என்று முழ நீளத்துக்கு உறவைப் பட்டியல் போட வேண்டிய பக்கம் அது. ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் மறுநாள் காலை ஆறு பேர் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல், என் வீட்டுப் பெரியவர்கள் எப்போது கப்பலேறி வந்தார்கள், எப்போது கிறிஸ்தவர்கள் ஆனார்கள் என்று எங்கள் தமிழ்ச் சபையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். வம்சாவளியை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் மாட்டினேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் ஒன்று கேட்டார். அங்கே பிடித்தது சனி. "நீதான் நாலெழுத்து படிச்சவன்" என்று சொல்லி உங்கள் கையிலும் யாராவது ஒரு தாத்தாவின் பெயரைத் திணித்திருந்தால், நீங்களும் என் கட்சிதான். மேலே படியுங்கள்.

மூன்று பெயர்க்காரர்

டாலாவிலிருந்து படகேறி ஒரு பெரியவர் வந்தார். தன் அப்பாவின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும் என்றார். பெயர் கேட்டேன். வீட்டில் முருகேசன், கோயிலில் மோசே, அடையாள அட்டையில் ஊ மியா மவுங். நம் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். பெற்றவர் ஒரு பெயர் வைத்தார், போதகர் ஒரு பெயர் வைத்தார், பள்ளிக்கூடத்தில் பர்மிய வாத்தியார் தன் பங்குக்கு ஒன்று வைத்தார்.

இரண்டு நாள் தேடினேன். முருகேசன் இல்லை. மோசே ஏழு பேர் இருந்தார்கள். பெரியவரிடம் கையை விரித்தபோது அவர் முகம் வாடவில்லை. படித்தவர்களை இங்கே சயா, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏழு பேர் இருக்காங்கல்ல, சயா? அதுல நல்லவரா ஒருத்தரைப் பாத்துக் குடுங்க, நான் வச்சுக்கிறேன்."

எந்தச் சபை?

பிராட்டஸ்டண்ட் குடும்பத்தைத் தேடுகிறவனுக்கு முதல் கேள்வி, எந்தச் சபை என்பதே. ஊரிலிருந்து வரும்போது லுத்தரன். இங்கே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மெதடிஸ்ட். துறைமுக ஆபீசில் துரை ஆங்கிலிக்கன் என்பதால் இவரும் ஆங்கிலிக்கன். பெண் எடுத்த இடம் பாப்டிஸ்ட் என்றால் மறுபடி ஒரு முழுக்கு. ஒரே மனிதரை நான்கு கோயிலில் தேடிப் பிடிக்க வேண்டும். அதில் இறையியல் காரணம் எதுவும் இருந்திருக்குமோ என்று ஆரம்பத்தில் நானும் மரியாதையாக யோசித்தேன்.

அப்பாவின் பதிவு இரண்டு சபைகளில் மாறி மாறி இருப்பது ஏன் என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"மெதடிஸ்ட் கோயிலுக்குப் போற ரோட்டுல மழைக்காலத்துல முட்டளவு தண்ணி நிக்கும். அதனால எங்கப்பா வெயில் காலத்துல மட்டும் மெதடிஸ்ட்."

தங்கராஜ் வீட்டுச் சுவர்

தாகேதாவில் மின்விசிறி, இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் தங்கராஜ். அவருக்கு ஒரு மச்சான். நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள் நாங்கள் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும் சொல்லிக் காட்டுகிறவர். அந்த வாயை அடைக்க வேண்டும், அதற்கு ஒரு முன்னோர் வேண்டும் என்று தங்கராஜ் என்னிடம் வந்தார்.

கிடைத்தார். தங்கராஜின் அப்பாவழித் தாத்தா யேசுதாசன், இருபது வயதில் எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் ஆபிரகாம், உபதேசியார் என்று தெளிவாக இருந்தது. உபதேசியார் என்றால் போதகருக்கு அடுத்தபடி, வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக் கொடுத்தவர். தாய் பெயர்க் கட்டம் காலி. எழுதியவரின் சோம்பல் என்று தாண்டிவிட்டேன். வம்சாவளியை எழுதி, உச்சியில் ஆபிரகாமைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். தங்கராஜ் அதற்குத் தங்கநிறச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார்.

"இனிமே என் மச்சான் வந்தா, இந்தப் படத்துக்கு நேர் கீழதான் சேர் போடுவேன்."

மேரி வீட்டுச் சுவர்

ஒரு வருஷம் கழித்து மேரி வந்தார். கணவர் இல்லை, ஒரே மகன் டேனியல். ஷ்வேப்யிதாவில் துணி ஆலையில் மேற்பார்வை வேலை. டேனியலும் தங்கராஜின் மகள் ரூத்தும் கோயில் பாட்டுக் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியதில் விஷயம் முற்றிக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டுக்குப் போய்வந்த மேரிக்கு அந்தத் தங்கச் சட்டம் கண்ணை உறுத்தியது. "அவங்க சுவர்ல வம்சம் தொங்குது. எங்க சுவர்ல காலண்டர் தொங்குது" என்றார்.

டேனியலின் அப்பாவழிக் கொள்ளுத்தாத்தா சாமுவேல் அதே பதிவேட்டில் இருந்தார். தகப்பன் பெயர், ஆபிரகாம், உபதேசியார். பழைய சிநேகிதரைச் சந்தையில் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதோடு விட்டுவிட்டேன் என்பதுதான் குற்றம். மரண அறிவிப்புப் பக்கத்தில் பையன்கள் இப்படிச் செய்திருந்தால் கிழித்திருப்பேன். இரண்டு படத்தையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். பார்க்கவில்லை. சுருட்டி, நாடா கட்டி, மேரியிடம் கொடுத்தேன்.

"நாங்களும் உபதேசியார் வம்சமா! இனிமே சம்பந்தி வீட்டுல கால் மேல கால் போட்டு உக்காருவேன்."

இரண்டாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் சொல்லமாட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பாட்டு எண்ணைச் சொல்லிவிடுவது போதகர் வழக்கம். இரண்டாம் ஓலைக்கு முந்தின நாள் மேரி தன் படத்தை எடுத்துக்கொண்டு பெருமையாகச் சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறார். தங்கராஜ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரே ஆபிரகாம். அவருக்குக் கீழே சாமுவேல், யேசுதாசன் என்று இரண்டு மகன்கள். அண்ணன் தம்பி வழி இரண்டு வீடும்.

மறுநாள் போதகர் பாட்டு எண்ணைச் சொல்ல வாயெடுத்தபோது தங்கராஜ் எழுந்தார். பெண்ணைப் பெற்றவரே எழுந்து நின்றது எங்கள் சபையில் அதுதான் முதல் தடவை. "ஆட்சேபணை இருக்கு, பாஸ்டர் ஐயா. பையனும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி முறை ஆகுது." நாலு தலைமுறை விலகியிருந்தால் சபைச் சட்டத்தில் தடையில்லை என்றார் போதகர். "சட்டம் சபைக்கு. பங்காளி வீட்டுல பொண்ணு குடுத்தேன்னு நான் ஊர்ல தலை நிமிந்து நடக்கவா?" என்றார் தங்கராஜ். மேரி தரையைப் பார்த்தார். டேனியல் என்னைப் பார்த்தான். மூன்றாம் ஓலைக்குள் நான் பதிவேட்டைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்றும், பங்காளிதான் என்றால் கல்யாணம் நின்றுவிடும் என்றும் வாசலிலேயே முடிவாயிற்று.

செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் ரூத் வந்தாள். அழுத கண். இந்த ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களை மாமா என்பதில்லை, பர்மிய வழக்கப்படி ஊலே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகுன்னு அம்மா சொன்னாங்க, ஊலே. அவ்வளவு அழகா எழுதி எங்களை அண்ணன் தங்கச்சி ஆக்கிட்டீங்களே."

முதல் பக்கம்

பதிவேட்டு அலமாரியின் சாவி டோ லில்லியிடம் இருக்கும். டோ என்பது நாம் அம்மா என்பதுபோல பர்மிய மரியாதை; பிறப்பால் தமிழ்ப் பெண்தான், ஆனால் கோபம் வந்தால் பர்மியம். அந்த வாரம் பகலெல்லாம் கரண்ட் இல்லை. அவர் கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க, நான் வரி வரியாகப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணை உறுத்தியது, சாமுவேலுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம், யேசுதாசனுக்கு ராமநாதபுரம். முன்பும் பார்த்ததுதான்; கப்பலேறிய ஊராக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன். ஆபிரகாமுக்கு வேறு பிள்ளைகள் உண்டா என்று தேடினேன். உண்டு. இவர்கள் இருவரையும் சேர்த்து முப்பத்தொரு பேர். ஒருவருக்கும் தாய் பெயர் இல்லை. ஊர் முப்பத்தொரு விதம்.

அடக்கப் பதிவேட்டை எடுத்தோம். ஆபிரகாம், உபதேசியார், வயது ஐம்பத்தொன்று, மணமாகாதவர். கணக்குப் போட்டால், அந்த மகன்களில் ஒருவர் ஆபிரகாமைவிட ஏழு வயது மூத்தவர். பிறகுதான் ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். இத்தனை வருஷமும் நேரே பெயர் இருக்கும் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். முதல் பக்கம் படிக்காத பத்திரிகைக்காரன். அங்கே அந்தக் காலத்துப் போதகர் எழுதிவைத்திருந்தார்: ஞானஸ்நானம் பெறுகிறவனின் தகப்பன் கிறிஸ்தவன் அல்லாமல், மகனை விலக்கியும் இருந்தால், தகப்பன் பெயர் இடத்தில் ஞானத்தகப்பனாய் நின்றவன் பெயரை எழுதுக.

வேதத்துக்கு வந்ததற்காக வீட்டார் கைவிட்ட முப்பத்தொரு ஆண்களுக்குப் பக்கத்தில் போய் நின்ற மனிதர் ஆபிரகாம். அவர்கள் ஆளுக்கொரு வீட்டுப் பிள்ளைகள். நான் சந்தோஷத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். டோ லில்லி வெளிச்சத்தை அணைத்தார்.

"முப்பத்தொரு பிள்ளை, ஒரு பொண்டாட்டி கிடையாது. இதைத்தான் நீங்க சட்டம் போட்டு மாட்டச் சொன்னீங்களா, சயா?"

தேநீர்க் கடையில்

தங்கராஜையும் மேரியையும் தங்கராஜின் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்காரவைத்துச் சொன்னேன். பங்காளி இல்லை, கல்யாணத்துக்குத் தடையில்லை. தங்கராஜ் எழுந்து என் கையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை. "அப்போ ஆபிரகாம் எங்களுக்கு யாரும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "எங்க தாத்தாவோட நிஜ அப்பா பேர்?" எழுதவில்லை என்றேன். வேறு எங்காவது இருக்குமா என்றார். இருக்க வழியில்லை என்றேன். ஒரு வருஷமாக மச்சானை அந்தப் படத்தின் கீழே உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார் மனிதர். மகளுக்குக் கல்யாணம் வேண்டுமென்றால் உச்சியில் இருப்பவரை இறக்க வேண்டும். இறக்கினால் அங்கே வைக்க ஆளில்லை.

"கல்யாணத்தை நடத்துறதுக்காக நீங்க கட்டின கதையா இருந்தா?" என்று கேட்டார். கைபேசியில் முதல் பக்கத்தின் படத்தைக் காட்டினேன். மூன்று முறை படித்தார். 'விலக்கியும் இருந்தால்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, இருபது வயசுல வீட்டை விட்டுத் துரத்திட்டாங்க போல என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். தேநீர் ஆறிப்போயிற்று. மேரி அவர் முன்னால் இருந்த ஆறின கோப்பையை நகர்த்திவிட்டுத் தன் சூடான கோப்பையை வைத்தார்.

"உங்களுக்கும் கொள்ளுத்தாத்தா இல்ல, எங்களுக்கும் இல்ல. இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் எங்க கிடைக்கும்? குடிங்க அண்ணே."

மூன்றாம் ஓலை

அவர் குடித்தார், ஆனால் சரி என்று சொல்லவில்லை. அதனால் மூன்றாம் ஞாயிறன்று கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். வெயில் கால மெதடிஸ்டுகள்கூட வந்திருந்தார்கள். போதகர் ஓலையை வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். இந்தத் தடவை பாட்டு எண்ணுக்கு அவசரப்படாமல் நின்றார். எல்லார் தலையும் தங்கராஜ் பக்கம் திரும்பியது. தங்கராஜ் எழுந்தார். ரூத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆட்சேபணை இல்ல, பாஸ்டர் ஐயா. ஆனா கல்யாணப் பதிவேட்டுல தகப்பன் பேர்னு இருக்கிற இடத்துல என் பேரையே எழுதுங்க, எனக்கு இன்னும் உயிர் இருக்கு."

கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் வேறு படம் எழுதிக் கொடுத்தேன். உச்சியில் ஒரு காலிக் கட்டம், அதன் பக்கத்தில், தோளோடு தோளாக நிற்பதுபோல, ஆபிரகாம். மச்சான் அதையும் பார்த்துவிட்டு, காலிக் கட்டம் எதற்கு என்று கேட்டாராம். தங்கராஜ் அவரை அதே நாற்காலியில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பதில் சொன்னாராம்.

முப்பத்தொரு பிள்ளைகளின் பட்டியலில் பதினேழாவது பெயர் என் சொந்தத் தாத்தாவுடையது என்பதையும், அடுத்தவர் சுவரை அத்தனை சுறுசுறுப்பாகத் திருத்திய நான் என் வீட்டுச் சுவரில் முதன்முதலில் எழுதி மாட்டிய தாளில் மட்டும் ஆபிரகாமை இன்னும் உச்சியிலேயே விட்டு வைத்திருக்கிறேன் என்பதையும் டோ லில்லி தவிர யாரிடமும் சொல்லவில்லை.