கீழே வைக்காத துப்பாக்கி

வெர்னா ஹாகென் இருபத்தெட்டு வருடமாக ரூபி பெண்ட் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மொன்டானா பனியில் சாலை எது, வயல் எது என்று தெரியாத நாட்களில்கூட நாற்பத்தெட்டுப் பிள்ளைகளையும் முழுசாக வீடு சேர்த்தவள். அண்ணன்கள் ஐந்து பேரோடு வளர்ந்தவள். வேலிமேல் தகர டப்பாவை வைத்துச் சுட்டால் ஐந்து பேரையும் தோற்கடித்துவிடுவாள். ஆனால் அவளுக்கென்று ஒரு துப்பாக்கி இருந்ததில்லை. பிறந்த வீட்டில் எல்லாம் அண்ணன்களுடையது, புகுந்த வீட்டில் எல்லாம் புருஷன் ஆரினுடையது.

ஒன்று இருக்கிறதே என்பான் ஆரின். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவன் வாங்கி வந்தது. ரோஸ் கலர் கைப்பிடி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சுட்டால் கழுதை உதைத்த மாதிரி மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கும். இரண்டு தடவை சுட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ஒன்பது வருடமாக அது அங்கேயே கிடக்கிறது. ஆரின் கெட்டவன் இல்லை. தங்கமான மனுஷன். அவளுக்கு எது பிடிக்கும் என்று அவளுக்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிடும், அது ஒன்றுதான் தொல்லை. அந்த வீட்டுத் திரைச்சீலை, சோபா, நாய் எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஊர்ப் பெண்கள் சுடுகளத்தில் கூடுவார்கள். குளிர்காலம் முழுக்க வெர்னா இரவல் துப்பாக்கியிலேயே சுட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கோடையில் தன் கையால் தேர்ந்தெடுத்த ஒன்றோடு போய் நிற்க வேண்டும் என்று ஆசை. லிண்ட்க்விஸ்ட் துப்பாக்கிக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் அதைப் பார்த்தும் வைத்திருந்தாள்: ஆறு தோட்டா ரிவால்வர், வால்நட் மரக் கைப்பிடி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரம்மா விற்றுவிட்டுப் போனது. சனிக்கிழமை காலையில் தனியாகப் போய் வாங்கிவிடலாம் என்று கிளம்பினாள். வாசலுக்கு வந்து பார்த்தால், ஆரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கடையில் காபி எப்போதும் சூடாக இருக்கும், டோனட் டப்பா திறந்தே இருக்கும், வாசலில் படுத்திருக்கும் நாயைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கடைக்காரர் ஆர்விட், ஆரினோடு ஒரே வகுப்பில் படித்தவர். எல்லோரோடும் சிரித்துப் பேசுவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடி. ‘எடுத்து வைங்க, அடுத்த வாரம் வர்றேன்’ என்ற பேச்சு அங்கே செல்லாது. சாமான் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குத்தான் முதல் உரிமை. கவுண்ட்டர் விரிப்பின் மேல் வைத்துவிட்டால் அடுத்து நிற்பவர் கேட்கலாம்.

அன்றைக்கு அடுத்து நின்றவன் மெர்ல். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். சின்னப் பையனாக வெர்னாவின் பஸ்ஸில் போய் வந்தவன். அவனுக்கும் அதே ரிவால்வர் மேல்தான் கண்.

ஆர்விட் தோட்டா உருளையைத் திறந்து, ஆறு துளையும் காலி என்று காட்டிவிட்டுத் திறந்தபடியே கொடுத்தார். வெர்னாவும் வழக்கப்படி ஒருமுறை பார்த்துக்கொண்டு, குழலைத் தரைப்பக்கம் திருப்பிப் பிடித்தாள். கைக்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்தது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

“எப்படிம்மா இருக்கு?” என்றார் ஆர்விட்.

“அவளுக்குக் கனமா இருக்கும். சின்னதா ஏதாவது காட்டு” என்றான் ஆரின்.

“கேட்டது வெர்னாவை. எதுக்கும்மா வாங்குறே?”

“செவ்வாய்க்கிழமை...” என்று வெர்னா தொடங்கினாள்.

“பொம்பளைங்க சுடுற இடத்துக்கு” என்று ஆரின் முடித்தான். “அங்க போய் அரட்டைதான் நடக்கும்.”

“டேய், அந்தப் பக்கம் போய்க் காபி குடிடா.”

“குடிச்சுட்டுதான் வந்தேன்.”

வெர்னா, “இதையே எடுத்துக்கறேன்” என்றாள். ஆர்விட் அரசாங்கப் படிவத்தை எடுத்து வைத்தார். அதில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வாங்குவது உண்மையில் நீங்கள்தானா, வேறு யாருக்காகவாவது வாங்குகிறீர்களா? அதைப் பார்த்த ஆரின் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“யார் பேரை எழுதினா என்ன? மான் வேட்டை சீசன் வந்தா எப்படியும் என் இடுப்புலதானே தொங்கப்போகுது!” என்று சொல்லிச் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை பெண்டாட்டியையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. ஆர்விட் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டா.”

“ஒருத்தர் பேர்ல இன்னொருத்தருக்கு வாங்குற விளையாட்டுக்கு ஜெயில் இருக்கு, எனக்குக் கடை போயிடும். வெர்னா, தப்பா நினைக்காதே. யாரு தேர்ந்தெடுக்கறாங்களோ, யாரு பதில் சொல்றாங்களோ, அவங்க துப்பாக்கிதான் அது. காலையிலேர்ந்து நான் பார்த்த வரைக்கும் இது ஆரின் துப்பாக்கி. உனக்குன்னு சொல்லி இதை நான் எப்படி விக்கறது?”

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. கோபம் ஆர்விட் மேல் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. முப்பத்து நாலு வருடமாகத் தன்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்தில் இருந்த ஒருவன் பதில் சொல்லியிருக்கிறான். அவளும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“அக்கா, கை வலிக்கும். கொஞ்சம் கீழ வையேன்” என்றான் மெர்ல், ரொம்ப அக்கறையாக.

“ஜன்னல் சீட்டுக்காகப் பக்கத்துப் பிள்ளை ஷூவை ஒளிச்சு வெச்சவன்தானே நீ? போடா அந்தப் பக்கம்.” சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். “ஆரின், வெளிய போ.”

“என்னது?”

“வெளிய பெஞ்சு இருக்கு. உக்காரு. கூப்பிட்டா வா.”

ஆரின் ஆர்விட்டைப் பார்த்தான். ஆர்விட் நாயைப் பார்த்தார். ஆரின் ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டு, நாயைத் தாண்டிப் போய்விட்டான்.

“இப்ப கேளு” என்றாள் வெர்னா.

ஆர்விட் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். எதற்கு, ஏன் இது, ஏன் இதைவிடச் சின்னது வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அவள் வாயிலிருந்தே பதில் வந்தது. அந்த ரோஸ் கலர் கதையையும் சொல்லித் தீர்த்தாள். மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தான்.

“இது என்னோடது, ஆர்விட். இடுப்புல தொங்கினா என் இடுப்புலதான் தொங்கும்.”

படிவம் திரும்பி வந்தது. அவள் இடக்கைக்காரி. ரிவால்வரை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு எழுதினாள். அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸ் வேண்டும் என்றார் ஆர்விட். அது கைப்பைக்குள், ஜிப்புக்குள், இன்னொரு ஜிப்புக்குள் இருந்தது. ஒரு கையால் ஆகிற காரியமில்லை. மெர்ல் கவுண்ட்டரை ஒட்டி வந்து நின்றான்.

“ஆரின்! வந்து பையைப் பிடி. வாயைத் திறக்காதே.”

வந்தான். வாயில் கொழுக்கட்டைக்குப் பதில் டோனட். பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் லைசென்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி எழுதினாள். எடை என்ற இடத்தில் பேனா நின்றது. ஆரினுக்கு அது தெரியும். உதடு அசைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடிக்கொண்டான். அவள் கொஞ்சம் குறைத்தே ஒன்றை எழுதினாள், ஆர்விட் அடுத்த வரியைக் காட்டினார்.

அவள்மேல் வழக்கு ஏதும் உண்டா என்ற அரசாங்க விசாரிப்புக்காகப் போன் போனது. பத்து நிமிஷத்தில் சரி என்று வந்தது. பெட்டியில் போட்டுக் கட்டுவதற்காக ஆர்விட் கை நீட்டியபோதுதான் வெர்னா அதைக் கீழே வைத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. மெர்ல் தொப்பியைக் கழற்றி, “பஸ்ஸை விட்டுட்டேன் அக்கா” என்றான்.

வீட்டுக்கு வண்டியை அவள்தான் ஓட்டினாள். ஆரின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏழு மைலும் பேசாமல் வந்தான். சமையலறை மேஜையில் பெட்டியை வைத்தான். திறக்கவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

“வெர்னா, ஒரு தடவை நான் கையில பிடிச்சுப் பார்க்கலாமா?”

இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் பெட்டியைத் திறந்து, உருளையைத் தள்ளி, காலி என்று காட்டிக் கொடுத்தாள்.

“பிடி. பார்த்துட்டு என் கையிலயே குடு.”