ரஹீம் பார்க்காத வெள்ளி

கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. அப்துல் ரஹீமை ஞாயிற்றுக்கிழமையே பூந்தமல்லியில் அடக்கம் செய்துவிட்டார்கள். ஒன்பது நாள் விஷ ஜுரம் என்று அவன் அண்ணன் எழுதியிருந்தார். பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் எங்களோடு படித்த உங்களுக்கு இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக் கிரகத்தின் காற்றைப் பற்றி எப்போது நடத்துவீர்கள் என்று வகுப்பில் பேராசிரியரை அவன் கேட்டது நினைவிருக்கிறதா? பாடத்திட்டத்தில் இல்லை என்றார் அவர். வெளியே வந்ததும், "பாடத்துல இல்லன்னா வானத்துலயும் இல்லியா நைனா?" என்றான்.

சூரியனை நெருங்கும்போது வெள்ளி பிறையாகத் தெரியும். அங்கே காற்று இல்லையென்றால் பிறையின் கொம்புகள் அரைவட்டத்தோடு நின்றுவிடும். காற்று இருந்தால் அதில் வெயில் சிதறி, கொம்புகள் அதைத் தாண்டி நீளும். அதைப் பார்த்தே தீரவேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம். கல்லூரி டெலஸ்கோப்பைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பங்குனிக் கடைசியில் எங்கள் அம்பத்தூர் ஏரிக்கரையில் நாலு நாள் நின்றோம். முதல் மூன்று நாளும் மேகம். நாலாம் நாள் சூரியன் இறங்கியதும் வெள்ளி தெரிந்தது.

"நீ பாருடா. என் கண்ண நம்பி ஆவாது" என்று விலகி எனக்கு இடம் விட்டான்.

நான் குனிவதற்குள் ஆவடிப் பக்கமிருந்து வந்த ரயிலின் புகை குறுக்கே படர்ந்தது. கலங்கலாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். புகை கலைந்தபோது வெள்ளி பனைமரங்களுக்குப் பின்னால் போயிருந்தது.

"இன்னாடா, கொம்பு நீண்டுகினு கீதா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். "கீதுடா" என்றேன்.

படுபாவி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பௌதிகச் சங்கத்தில் கட்டுரை படித்தபோது, "இது என் சிநேகிதன் கண்ணால் கண்டது" என்று என்னை எழுப்பி நிறுத்தினான். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே எட்டு வருஷம் ஓடிப்போயிற்று.

எட்டு வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளி அதே நாட்களில், வானத்தின் அதே இடத்துக்கு வரும். போன மாதம் எழுதினான்: "புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். பங்குனிக் கடைசியில் வருகிறேன். இந்தத் தடவை நான்தான் பார்ப்பேன், நீ சும்மா நில். யுத்த சமயத்தில் டெலஸ்கோப் எதற்கென்று மிலிடெரிக்காரன் வந்து கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்." அவன் பார்த்து முடித்ததும் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்றிருந்தேன். அதற்குள் அந்தக் கார்டு வந்துவிட்டது. பூந்தமல்லி பஸ் வரும் நேரத்தில் இன்னமும் வாசலையே பார்க்கிறேன்.

புதன்கிழமை துக்கம் கேட்கப் போனேன். அந்தப் புதுக் கண்ணாடியை அண்ணன் என் கையில் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம், அவனுக்காகக் கல்லூரியில் கேட்டு வாங்கி வைத்திருந்த டெலஸ்கோப்போடு தனியாக ஏரிக்கரைக்குப் போனேன். மேகமில்லை, புகையுமில்லை. மயிரிழைபோலப் பிறை. இரண்டு கொம்பும் அரைவட்டத்தைத் தாண்டி நீண்டிருந்தன.

"கீதுடா ரஹீம், நெஜமாவே கீது" என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க யாருமில்லை.

அவனுடைய கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு அவன் வெள்ளியை ஒருநாளும் பார்க்கவில்லை.